பூ கேட்டுப் போட்ட தடுப்பூசி

என் மகள் யாழினிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு வயது வரை எனக்கு அது தெரியவில்லை. கூப்பிட்டால் திரும்பாத திமிர் என்று அடித்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காணை பக்கம் எங்கள் ஊர். அவள் இரண்டு மாதக் கருவாக இருந்தபோது என் உடம்பெல்லாம் சிவப்பாகப் பொரிந்தது. சின்ன அம்மை என்றார்கள். அம்மை வந்த வீட்டில் ஆஸ்பத்திரிப் பேச்சே கூடாது என்று அம்மா வாசலில் வேப்பிலை கட்டினாள். மூன்று நாளில் இறங்கியது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினோம்.

விழுப்புரத்தில் காதைப் பார்த்த டாக்டர்தான் விவரம் சொன்னார். அது ரூபெல்லாவாகத்தான் இருந்திருக்கும். கர்ப்பத் தொடக்கத்தில் வந்தால் பிள்ளையின் காது, கண், இதயத்தைக் கெடுக்கும். முன்பே தடுப்பூசி போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் அந்த ஊசி போட்ட அன்று என்னையும் தங்கையையும் வீட்டில் நிறுத்தியவளும் அம்மாதான். ஒரு வருடம் நான் கோயில் பக்கமே போகவில்லை.

பிறகு தங்கையை ஒலக்கூரில் பேசி முடித்தார்கள். ஊசி போட்டபின் ஒரு மாதமாவது கரு தரிக்கக் கூடாது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. இப்போதே போடலாம் என்றேன்.

“ஆத்தா வர்றத தடுக்குற ஊசியாடி? கல்யாணத்த வச்சிக்கினு சாமி குத்தம் தேடுறியா?” என்றாள் அம்மா.

“உன் சாமி குத்தம்தான் என் வூட்ல ஊமையா நடமாடுது,” என்றேன்.

கடைசியில் பூ கேட்பது என்று முடிவானது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் முன் வைப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். நான் கெஞ்சவில்லை. எனக்குத்தான் நீ வாய் திறக்கவில்லை, இவளுக்காவது திற என்று மனதுக்குள் கேட்டேன். பூசாரி எடுத்த பொட்டலத்தில் வெள்ளை. அம்மா அழுதாள். அன்றே தங்கையைக் கூட்டிப்போய் ஊசி போட்டேன். சிவப்பு வந்திருந்தாலும் போட்டிருப்பேன். அது அம்மனுக்கும் தெரியும்.

தங்கைக்கு மூன்றாம் மாதம் நடந்தபோது அவள் நாத்தனார் பிள்ளைக்கு அதே பொரிப்பு. ஒரே வீடு. எனக்குச் சோறு இறங்கவில்லை. தங்கைக்கு ஒன்றும் வரவில்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது.

இந்த ஆடியில் கோயிலில் பம்பை அடித்ததும் அந்தப் பிள்ளை பயந்து வீறிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் யாழினி, பம்பைக்காரரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கும்பிட்டேன். நன்றியும் இருந்தது, ஆத்திரமும் இருந்தது.

இப்போது பெண் பேசி முடித்த வீடுகளுக்கு நர்ஸோடு நானும் போகிறேன். கதவைச் சாத்தினால் யாழினியைக் காட்டுகிறேன்.

ஆத்தாவை நம்புங்கள். நான் இன்னும் நம்புகிறேன், கோபத்தோடுதான். ஆனால் இதற்குப் பூ கேட்டு நிற்காதீர்கள். முதலில் பெண்ணுக்கு ஊசி போடுங்கள். அப்புறம் வந்து கூழ் ஊற்றுங்கள். வாங்கிக்கொள்வாள்.