வலது பக்கம் நின்றவர்

தசரதனைப் பறவைகள் அறிந்தவர் என்று சொல்லத் தயங்குவேன். ஆறு வருடமாகக் காலை ஆறரை மணிக்கு வேங்கிக்கால் ஏரிக்கரையில் நிற்கிறார்; சின்னக் கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிக்க இன்னும் தடுமாறுவார். ஆனால் இல்லாததை இருந்ததாக எழுதமாட்டார். அந்த ஒன்றை அவரிடம் நம்பலாம் என்று நினைத்திருந்தேன்.

முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். பழைய வண்டிகளில் எஞ்சின் டிரைவருக்கு இடது பக்கம் இரைந்துகொண்டிருக்கும். ஓய்வு பெற்றபோது இடது காது போயிருந்தது. வலது காதிலும் மெல்லிய கீச்சொலிகள் விழுவதில்லை. சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னார். மனைவி ரேணுகாம்பாளும் கூட நடந்தார். பெங்களூரில் இருக்கும் மகள் எழிலரசி, பறவைப் பட்டியல் பதியும் செயலி ஒன்றை அப்பாவின் போனில் போட்டுக்கொடுத்தாள். என்ன பறவை, எத்தனை, கவனித்த ஆட்கள் எத்தனை பேர் என்று அது கேட்கும்.

தண்ணீரில் இருப்பவை தசரதன் பங்கு: முக்குளிப்பான், நீர்க்காகம், நாமக்கோழி. மரத்தில் இருப்பவை ரேணுகாம்பாள் பங்கு. அந்த அம்மாளுக்குப் பெயர்களில் அக்கறை இல்லை. கணவரின் வலது பக்கம் நின்று வேப்பமரத்தைக் காட்டி, "உங்க தலைக்கு மேலயே டிக்கு டிக்குன்னு அடிச்சிக்குது. ஆரன் அடிச்சே கெட்ட காது, உங்களுக்கு எங்க கேக்கப் போகுது" என்பார். கட்டைவிரல் அளவே உள்ள பூங்கொத்தி அது. வேம்பில் ஒட்டியிருந்த புல்லுருவியின் பழத்துக்கு வரும். இலையோடு இலையாக இருப்பதால் குரலை வைத்துத்தான் தெரியும். தசரதன் பதிந்துகொள்வார்: பூங்கொத்தி 1, ஆட்கள் 2.

போன ஆகஸ்டில் ரேணுகாம்பாள் மாரடைப்பில் இறந்தார். காரியம் முடிந்த மறுநாள் தசரதன் ஏரிக்குப் போனார். பழக்கத்தில் ஆட்கள் 2 என்று போட்டுவிட்டார். அடுத்த நாள் போட்டது பழக்கத்தில் அல்ல. மாற்ற விரல் போகவில்லை. அப்படியே எட்டு மாதம்.

ஏப்ரலில் கவிநிலா போன் செய்தார். கல்லூரியில் விலங்கியல் நடத்துபவர்; செயலியில் பதிவாகும் மாவட்டத்துப் பட்டியல்களைச் சரிபார்ப்பது அவர் தானாக ஏற்றுக்கொண்ட வேலை. வேங்கிக்காலில் புதிய வீடுகள் பெருகிய பின் எந்தப் பறவை குறைந்தது என்று எழுதிக்கொண்டிருந்தார்.

"ஐயா, வாரத்துல நாலு நாள் இருந்த பூங்கொத்தி ஆகஸ்டுக்கு அப்புறம் ஒண்ணுகூட இல்லீங்க. ரெண்டு பேர் நின்னும் இல்லன்னா, ஏரியை விட்டுப் போயிடுச்சுன்னு எழுதிடலாமா?"

தசரதன் போனை வலது காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"கூட வர்றவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா?"

அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

கேட்காததும் இல்லாததும் ஒன்றல்ல என்பதை நிறுவத் தத்துவ நூல்கள் பல பக்கம் எடுத்துக்கொள்கின்றன. தசரதனுக்கு ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. அவர் போட்ட இரண்டினால், இருக்கிற பறவை கணக்கில் இல்லாமல் போகப்போகிறது. ஒன்று என்று போட்டால் பறவைக்கு இடம் உண்டு. ஆனால் ஒன்று என்று போட வேண்டும்.

மூன்று மத்தியானங்கள் உட்கார்ந்து பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தினார். காரியத்துக்கு மறுநாள் பதிந்ததைக் கடைசிக்கு வைத்திருந்தார். அதையும் திருத்திவிட்டுக் கவிநிலாவைக் கூப்பிட்டார்.

"போயிடுச்சுன்னு எழுதாதீங்கம்மா. இருக்கும். கேட்டுச் சொல்றவங்கதான் இல்ல."

தன் காதுக்கு எட்டாத எதையாவது கவிநிலா பதிலாகச் சொன்னாரா என்று தசரதனுக்குத் தெரியவில்லை.

அதன்பின் தினமும் வேம்பின் கீழ் கழுத்து வலிக்க நின்றார். சித்ரா பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்த வெளியூர் வண்டிகள் ஏரிக்கரை வரை நின்றிருந்த ஒரு காலையில், புல்லுருவிக் கொத்தில் ஏதோ அசைந்தது. பைனாகுலரைத் திருப்பினார். பூங்கொத்தி. அலகு திறந்து திறந்து மூடியது. ஒன்றும் கேட்கவில்லை. அது பறந்துபோகும்வரை பார்த்துவிட்டுப் பதிந்தார்: பூங்கொத்தி 1, ஆட்கள் 1.