சனிக்கிழமை வேப்பெண்ணெய்

கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காதில் வெட்டு உள்ள தெருநாயை மறுபடி பிடிக்கக் கூடாது. தவறிப் பிடித்துவிட்டாலும், பிடித்த தெருவிலேயே கொண்டுவந்து விட வேண்டும். விதி இவ்வளவுதான். அரசாங்கத் தமிழில் இத்தனை தெளிவாக ஒன்று எழுதப்பட்டிருந்தால், அதை யாரும் படிக்கவில்லை என்று நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அந்த நாய் எங்களுடையது என்று சொல்ல முடியாது. அபிராமபுரத்தில் எங்கள் தெருவில் பிறந்து எங்கள் வாசலில் வளர்ந்தது. என் மனைவி அதற்குத் தயிர்சாதம் போட்டாள். காதில் அந்த அடையாள வெட்டு உண்டு; கழுத்தில் சிவப்புப் பட்டை மாட்டினாள். வீட்டுக்குள் மட்டும் விடவில்லை. சட்டப்படி தெருநாய், நடைமுறையில் அவளுடைய மூன்றாவது பிள்ளை. முதல் இரண்டு பிள்ளைகளும் கடல் தாண்டி இருந்ததால் இதற்குக் கவனிப்பு அதிகம்.

கோடை பிறந்ததும் அதற்கு உண்ணி வந்தது. அதோடு, காது மடலில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தட்டினாலும் விழாத கறுப்புத் தெள்ளும் வந்தது. அது கோழித்தெள்ளு என்று கால்நடை மருத்துவர் சொன்னார். தெருவில் கோழி உள்ள வீடு ஒன்றுதான். சுவருக்கு அந்தப் பக்கம், தையல்காரரான பாய், நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கிறார். என்ன இருந்தாலும் எதிர்த்தரப்புக்கு ஒரு வாய்ப்பு தர வேண்டும் என்று முதலில் வாய்மொழியாகவே கேட்டேன்.

“உங்க கோழித்தெள்ளு எங்க நாய் மேல ஏறியிருக்கு, பாய்.”

பாய் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். “இன்னா சார் நீங்க? என் கோழிக்கு ஒங்க நாய்கிட்டேந்து வந்துச்சுன்னு நான் சொன்னா? தெள்ளு மேல பேர் எழுதிக் கீதா?”

எழுதியிருக்கவில்லை. அதிகார எல்லை தீர்மானிக்க முடியாத வழக்கு. என் மனைவி சுவரோரம் வந்து நின்று, என்னை ஒதுக்கிவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“கோழிக்கு என்ன போடறேள் பாய்?”

“சாம்பல் மாமி. இஸ்திரி வண்டிக்காரன் கரி சாம்பல வாங்கி, காஞ்ச வேப்பிலையப் பொடி பண்ணிக் கலந்து, குழி நோண்டிக் கொட்டினா அதுங்களே பொரண்டுக்கும். ஒங்க நாயையும் அதுல பொரட்டுங்க.”

“கொழந்தையச் சாம்பல்ல பொரட்டறதாவது!” என்றாள். சாம்பலை மறுத்தாளே தவிர, வேப்பிலையை ஏற்றுக்கொண்டாள். வேப்பெண்ணெயில் மஞ்சளும், சுட்டு இழைத்த வசம்பும் சேர்த்து வெதுவெதுப்பாகத் தடவுவது என்று முடிவாயிற்று. வசம்புக்குப் பிள்ளைவளர்ப்பான் என்று இன்னொரு பெயர் உண்டு. எங்கள் பிள்ளைகளுக்கு இழைத்த அதே கல்லைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னாள். இறக்கிக் கொடுத்தேன்.

எந்தக் கிழமை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி. நாய் ஆண். ஆகவே சனி. நாய்க்கு இந்த ஏற்பாடு எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். “இல்லேன்னு எந்த சாஸ்திரத்துல இருக்கு?” என்றாள். இந்த வாதத்தை என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருந்தாள்.

அப்படியாக ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசலில் இரண்டு ஆண்கள் ஊறிக்கொண்டிருந்தோம். எனக்கு நல்லெண்ணெய், அதற்கு வேப்பெண்ணெய். கழுத்துப்பட்டைக்கு அடியில்தான் உண்ணி அதிகம் ஒளிந்துகொள்ளும் என்பதால் பட்டையைக் கழற்றிவிடுவாள். காது முழுவதும் மஞ்சள் விழுது அப்பியிருக்கும். நான் துண்டைக் கட்டிக்கொண்டு செய்தித்தாள் படிப்பேன். அது என் பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டு, இதெல்லாம் எப்போது முடியும் என்பதுபோல் பெருமூச்சு விடும். நாற்றம் தாங்காது என்று நான் சொல்லாத சனிக்கிழமை இல்லை.

உண்ணி குறைந்தது. எண்ணெயால் குறைந்ததா, அவள் தினமும் உட்கார்ந்து இடுக்கியால் பிடுங்கி உப்புத் தண்ணீரில் போட்டதால் குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. பாயின் கோழிகள் சாம்பலில் புரண்டு, பருத்துப்போய், சுவர்மேல் நின்று எங்களைப் பார்த்தன.

நாய் பிடிக்கும் வண்டி வந்ததும் ஒரு சனிக்கிழமைதான். நான் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் அடுப்படியில் இருந்தாள். வாசலில் அது மட்டும் வெயிலில் ஊறிக்கொண்டிருந்தது. கழுத்தில் பட்டை இல்லை. காதிலிருந்த வெட்டை மஞ்சள் விழுது மூடியிருந்தது. வலையோடு வந்தவர்களின் கண்ணில் அது சொறி பிடித்த, யாருமில்லாத நாய். பாய் கத்தியிருக்கிறார், தையல் மெஷினை விட்டு எழுந்து தெருமுனை வரை ஓடியுமிருக்கிறார். நான் தலையில் நுரையோடு வெளியே வந்தபோது பாய் மட்டும் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

“ஏன்னா, வெள்ளிக்கிழமையே தேச்சு விட்டிருக்கலாமோ?” என்றாள். அதை ஒரு முறைதான் கேட்டாள்.

கூண்டுகள் இருக்கும் இடத்துக்குப் போனோம். பார்வை நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். மறுநாள் விடுமுறை. அதற்கடுத்த நாள், எல்லாவற்றையும் விட்டாகிவிட்டது என்றார்கள். எங்கே என்று கேட்டேன். பிடித்த இடத்தில் என்றார்கள். பிடித்த இடத்திலிருந்துதான் வருகிறேன் என்றேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

எழுதிக் கொடுத்தேன். ஒப்புகை வாங்கினேன். நினைவூட்டல், தகவல் கோரும் மனு, மேல்முறையீடு என எல்லாப் படியும் ஏறினேன். வாழ்நாள் முழுவதும் அரசாங்க மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கற்ற வித்தை, இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தபோது எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது. உள்ளே போக ஓர் ஓட்டை இல்லை.

பாய் எதையும் எழுதவில்லை. ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகத் தேடினார். கோட்டூர்புரத்தில் ஒரு டீக்கடைக்காரர் மட்டும் யோசித்துப் பார்த்தார்.

“மஞ்ச பூசின நாயா? ஒண்ணு சுத்திக்கினு இருந்துச்சு நைனா. எண்ண நாத்தம், ஒருத்தனும் கிட்ட சேக்கல. பிஸ்கட் போட்டேன், துன்னுச்சு. அப்பால பாலத்தாண்ட போய்ட்சு.”

பாலத்தின் இரு புறமும் போய்ப் பார்த்தோம். கீழே ஆறு கறுப்பாக நின்றது. நான் கூப்பிட வாயெடுத்தபோதுதான், அதற்கு நாங்கள் பெயரே வைக்கவில்லை என்பது உறைத்தது. அவளுக்கு அது கொழந்தை. எனக்கு ‘ஏய்’. அந்தப் பாலத்தின் மேல் நின்று ‘ஏய்’ என்று கத்தினேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நான் வாசலில் உட்காரவில்லை. எண்ணெய்க் குளியலை உள்ளேயே முடித்துக்கொண்டேன். வசம்புக் கல்லைப் பரணில் ஏற்ற அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இஸ்திரி வண்டியிலிருந்து சாம்பல் வாங்கி வந்து, வேப்பிலைப் பொடி கலந்து, சுவர் வழியாகப் பாயிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கைக்கு ஏதாவது ஓர் உயிரின் பூச்சி தேவைப்பட்டது.

பிறகு பதிவுத் தபாலில் பதில் வந்தது. வாசல்படியில் நின்றே உரக்கப் படித்தேன். மேற்படி நாய், பிடிக்கப்பட்ட இடத்திலேயே விதிப்படி விடப்பட்டுவிட்டது. மனு முடித்துவைக்கப்படுகிறது. கையொப்பம், முத்திரை.

“அப்போ இங்கேதானே இருக்கணும்?” என்றாள்.

“கடுதாசிப்படி இங்கேதான் இருக்கு.”

என் குரலில் இருந்ததை அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து வேப்பெண்ணெய் காயும் நாற்றம் வந்தது. கிண்ணத்தையும் சிவப்புப் பட்டையையும் எடுத்துவந்து வாசலில் வைத்தாள்.

“நீங்களும் எண்ணெய் தேச்சுண்டு வந்து உக்காருங்கோ. கிண்ணம் மட்டும் தனியா இருந்தா வராது அது.”

மனு முடித்துவைக்கப்படுகிறது என்றால் என்ன பொருள் என்று இந்த ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அதிகம் இருக்க முடியாது. துண்டைக் கட்டிக்கொண்டேன். நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, வழக்கமான இடத்தில், பாதங்களைச் சற்று முன்னால் நீட்டி உட்கார்ந்தேன். சுவர்மேலிருந்து ஒரு கோழி பார்த்தது.

அன்று புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை.