ஃபின்டனைத் திட்ட ஆளில்லாத வாரம்

அயர்லாந்தில் லெய்ட்ரிம் பக்கம் ஃபின்டன் கில்ஹூலி ஓட்டிய பஸ்ஸில் ஏறியவர்கள் யாரும் அவனுக்கு மரியாதையாக வணக்கம் சொன்னதில்லை. உன்னை இன்னும் வேலையை விட்டுத் தூக்கவில்லையா என்று கேட்டுக்கொண்டேதான் ஏறுவார்கள். அவனும் லேசுப்பட்டவனல்ல. ஏறுகிறவரின் தொப்பி, மருமகன், தோற்றுப்போன கால்பந்துக் குழு என்று அகப்பட்டதை வைத்து வாரிவிடுவான். அந்த ஊரில் 'ஈஜிட்' என்றால் மடையன். வேண்டியவனைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். வேண்டாதவனிடமும் இழவு வீட்டிலும்தான் மரியாதை.

வாய்ச்சண்டையில் அவனுக்குச் சரியான ஜோடி கறிக்கடைக்காரி அட்ராக்டா மல்வி. சின்ன வயதில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கடையை மூடிவிட்டு அவன் பஸ்ஸில்தான் வீடு திரும்புவாள். அவன் கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலிலேயே மணப்பெண் டிம்ப்னாவின் கையைப் பிடித்து, வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று பரிதாபமாகக் கேட்டவள். மூவரும் அதைச் சொல்லிச் சொல்லியே கிழவர்களானார்கள்.

இலையுதிர் காலத்தில் ஃபின்டனுக்கு வயிற்றுவலி வந்தது. ஸ்லைகோ ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவனிடம் என்ன சொன்னார்கள் என்று டிம்ப்னா கேட்டாள். 'கிராண்ட்' என்றான். நல்லாயிருக்கேன் என்று அர்த்தம். கால் ஒடிந்துகிடப்பவனும் அங்கே அதைத்தான் சொல்வான். அவள் டீ போடப் போனவள், போடாமல் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் உண்மையைச் சொன்னான். புற்று, முற்றிவிட்டதாம். யாரிடமும் மூச்சு விடாதே, முடிகிறவரை எப்போதும்போல பஸ் ஓட்டிவிட்டுப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டான்.

டிம்ப்னா தன் தங்கையிடம் மட்டும் சொன்னாள். அப்புறம் கேட்கவா வேண்டும்.

திங்கட்கிழமை ஏறிய முதல் ஆளே தொப்பியைக் கழற்றி, "உடம்பைப் பாத்துக்குங்க, ஃபின்டன்" என்றார். அடுத்தவரும் அப்படியே. மூச்சு இருக்கும்போதே தன்னைப் பெட்டியில் படுக்கவைத்துவிட்டார்கள் என்று ஃபின்டனுக்குத் தோன்றியது. இவன் பாட்டுக்கு வாரினான். எல்லாரும் பணிவாகச் சிரித்தார்களே ஒழிய, ஒருவரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அட்ராக்டாகூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னைத் திட்டுங்கப்பா என்று வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது?

அதனால் ஒரு வேலை செய்தான். புதன்கிழமை அட்ராக்டா மணியை அடித்தும் அவள் நிறுத்தத்தில் நிற்காமல் ஓட்டினான். தாண்டிப் போய் நிறுத்தியதும் அவள் எழுந்து, பரவாயில்லை, நடப்பது தனக்கும் நல்லதுதான் என்று சொல்லி இறங்கிப் போய்விட்டாள். கறிக்கத்தியால் குத்தியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அன்றைக்கு அவன் சாப்பிடவே இல்லை.

வெள்ளிக்கிழமை அடைமழை. மறுபடியும் தாண்டினான். இந்த முறை மேடு ஏறி இறங்கி, கல்லறைத் தோட்டத்து வாசலில்தான் பிரேக் போட்டான். அட்ராக்டா இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். மழையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"அட ஈஜிட், போறவன் தனியாப் போக வேண்டியதுதானே? என்னையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போறியா?"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் கழுத்தை நீட்டி ஃபின்டனைப் பார்த்தார்கள்.

"உன்னைக் கூட்டிட்டுப் போனா, அங்க என்னையும் உள்ள விடமாட்டாங்களே" என்றான் ஃபின்டன். சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. கடைசி சீட்டிலிருந்து ஒருவர், வண்டியை எடுக்கிறாயா, இல்லை எல்லாரும் இங்கேயே படுத்துக்கொள்ளவா என்று கேட்டார். ஃபின்டன் பஸ்ஸைத் திருப்பி அவளை அவள் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டான். அதற்கப்புறம் கிறிஸ்துமஸ் வரை அவனுக்குத் திட்டுக்குக் குறைவில்லை.

பிப்ரவரியில் அவன் போனான். வீட்டுக் கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். ஊரே வரிசையில் வந்து டிம்ப்னாவின் கையைப் பிடித்து, உங்கள் துக்கத்துக்கு வருந்துகிறோம் என்றது. அட்ராக்டா அவளைத் தாண்டி நேராகப் பெட்டிக்குப் போனாள். குனிந்து அவன் டையைச் சரிசெய்தாள்.

"இன்னிக்காவது ஒழுங்காக் கட்டியிருக்கக் கூடாதாடா, ஈஜிட்?"

அந்த டையைக் கட்டிவிட்டது டிம்ப்னாதான். அவள் எழுந்துபோய் அட்ராக்டாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.