குரலை எடுத்துவைத்த மதியம்

அண்ணனைப் பள்ளிக்கூடமே சங்கு வாத்தியார் என்றுதான் கூப்பிடும். விளையாட்டு ஆசிரியர். மைதானத்தின் ஒரு கோடியில் நின்று அவர் குரல் கொடுத்தால், மறுகோடியில் பந்தைத் துரத்துகிறவன் மட்டுமல்ல, வெளியே சாலையில் சைக்கிளில் போகிற ஆளும் பிரேக் பிடிப்பார். தங்கை அதற்கு நேர் எதிர். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பது அவள் தொழில். மாடியில் இரண்டு அறை வீடு. உள்ளறைச் சுவரெல்லாம் பழைய மெத்தையும் கம்பளியும். அங்கே உட்கார்ந்து சட்டமும் வரலாறும் பொருளாதாரமும் ஏற்ற இறக்கம் அதிகமில்லாத, சீரான, மெல்லிய குரலில் வாசிப்பாள். கல்யாண வாழ்க்கை சரிப்படாமல் தனியே வந்தவள். "அந்தாளுகிட்ட ஒரு தடவையாவது கத்தியிருந்தா நீ ஜெயிச்சிருப்ப" என்று அண்ணி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

அண்ணனுக்குத் தொண்டை கட்டியது. மைதானத் தூசி என்று நினைத்தார்கள். வெந்நீர் குடித்தும் விடவில்லை, மாத்திரைக்கும் மசியவில்லை. கடைசியில் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல்வளையில் கட்டி, மொத்தமாக எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அண்ணன் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "சங்குக்கே சங்கு ஊதிட்டாங்க பாப்பா" என்றார். நாற்பதைத் தாண்டிய தங்கை அவருக்கு இன்னும் பாப்பாதான். யாரும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் சிரித்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருவர்தான் தங்கையிடம் அந்த வழியைச் சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால் அண்ணன் குரலில் நிறைய வாக்கியங்களைப் பதிவு செய்து அனுப்பினால், அதை வைத்து இயந்திரத்தில் ஒரு குரல் செய்து கொடுக்கிற நிறுவனம் இருக்கிறதாம். பிறகு அவர் எழுத்தில் தட்டுவதை அந்தக் குரல் பேசும். பதிவு மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும்.

தங்கை அன்றிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் பிடிகொடுக்கவில்லை. "வெட்டப் போறது கழுத்த. அதுக்கு முன்னாடி எனக்கு ரேடியோ நாடகம் ஒண்ணுதான் கொறச்சல்" என்று தட்டிக் கழித்தார். நாளை ஆபரேஷன், இன்று சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்றான பிறகுதான், மதியம், அண்ணி கையைப் பிடித்து இழுக்காத குறையாக மாடிக்குக் கூட்டிவந்தாள். துணிமணிப் பையும் கூடவே வந்தது. இங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிதான்.

அன்றைக்கென்று பார்த்துப் பெட்டி மக்கர் செய்தது. மைக்குக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் அவள் வைத்திருந்த சின்னப் பெட்டி, தினமும் சமர்த்தாக வேலை செய்கிறது, அன்று விளக்கே எரியவில்லை. வயரை மாற்றினாள், துளையை மாற்றினாள், தட்டிக் கூடப் பார்த்தாள். ஊஹூம். அலமாரிக்கு அடியிலிருந்து, மைக்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற பழைய மிக்ஸரை இழுத்தாள். தொழிலுக்கு வந்த புதிதில் வாங்கியது. அதை லேப்டாப்பின் பக்கவாட்டில் இருக்கும் மைக் துளையில் செருகினாள்.

இப்போது அண்ணன் குரலுக்கு வழியில் மூன்று குழாய்கள். மிக்ஸரில் மைக்குக்கு ஒரு திருகு. மிக்ஸரிலிருந்து வெளியே போவதற்கு ஒரு திருகு. அப்புறம் லேப்டாப் திரைக்குள் ஓர் அளவுக்கோடு. மூன்றையும் பார்த்துத் திறக்க வேண்டும். குறைவாகத் திறந்தால் பேச்சோடு இரைச்சலும் சேர்ந்து வரும். அதிகமானால் குரல் உடையும். உடைந்ததை ஒட்டவைக்க எந்த வித்தையும் கிடையாது.

"எதாவது பேசுண்ணே."

"என்னத்தப் பேச?" கம்மிய குரல். பாதி காற்று.

இவ்வளவு மெலிந்துபோயிருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. மிக்ஸர் திருகுகளை நன்றாகத் திறந்தாள். லேப்டாப் திரையில் பச்சைக் கோடு எகிறிச் சிவப்பில் முட்டியது. லேப்டாப்பின் அளவுக்கோட்டைக் கீழே இறக்கினாள். கோடு பச்சைக்குள் அடங்கியது. சரி என்று நினைத்தாள். மின்விசிறியை நிறுத்தி, ஃபிரிட்ஜைப் பிடுங்கி, கதவைச் சாத்தினாள். அண்ணி வெளியறையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

திரையில் ஒவ்வொரு வாக்கியமாக வந்தது. அண்ணன் வாசித்தார். அடியில் ஒரு நீலப் பட்டை கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்தது. அது ஒரு கோட்டைத் தாண்டினால்தான் நிறுவனம் ஏற்றுக்கொள்ளும். முதலில் வேண்டாவெறுப்பாகப் படித்தவர், போகப் போகச் சூடு பிடித்தார். 'யாருங்க அது?' என்று வந்தால் உண்மையிலேயே கதவைப் பார்த்துக் கேட்டார். 'இங்கே வா' என்று வந்தால் கையை நீட்டி அதட்டினார். கொஞ்ச நேரத்துக்குப் பழைய வெண்கலக் குரலே திரும்பி வந்த மாதிரி இருந்தது. கோடு பச்சையில்தான் ஆடியது. அவரை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

அவர் தண்ணீர் குடிக்க எழுந்தபோது ஹெட்ஃபோனைப் போட்டுக் கேட்டாள்.

கரகர. அழுத்திச் சொன்ன ஒவ்வொரு சொல்லின் தலையிலும் கிழிசல். திரையில் குரலின் அலையைப் பெரிதாக்கினாள். சிகரங்கள் எல்லாம் கத்தியால் சீவிய மாதிரி ஒரே உயரத்தில் தட்டையாக நின்றன. சிவப்பைத் தொடவே இல்லை. அப்புறம் எப்படி?

புரிந்தபோது நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தத் துளை வெறும் மைக்குக்கு உண்டானது. அதற்குள் மிக்ஸரின் முழு வேகத்தையும் விட்டிருக்கிறாள். குரல் வாசலிலேயே நசுங்கிவிட்டது. திரையில் அவள் இறக்கிய கோடு, நசுங்கியதைச் சின்னதாக்கிக் காட்டியதே தவிர வேறொன்றும் செய்யவில்லை. பச்சை அவளை ஏமாற்றவில்லை. அவள்தான் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?" அண்ணி கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

தங்கை ஹெட்ஃபோனைக் கழற்றி அண்ணியிடம் கொடுத்தாள். அண்ணி கேட்டாள். முகம் மாறியது.

"என்ன இது, பொரிச்ச மாதிரி இருக்கு?"

"என் தப்பு அண்ணி. அளவு சரியா வைக்கல. மறுபடி எடுக்கணும்."

"மறுபடியா? அவர் தொண்டைய டாக்டர் எப்படிப் பாத்துக்கச் சொன்னார்னு உனக்குத் தெரியாது? இதே வேலையாத்தான இருக்க தினமும்!"

"இப்படியே அனுப்பினா கரகரப்பையும் அவர் குரல்னே மெஷின் எடுத்துக்கும். காலம் பூரா அப்படித்தான் பேசும்."

அண்ணன் தம்ளரோடு நின்றிருந்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "காலம் பூரா கரகரன்னு உன்னைத் திட்டினா நல்லாவா இருக்கும்?" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "ஆரம்பி பாப்பா."

மிக்ஸரின் வெளித் திருகை வெகுவாகக் குறைத்தாள். லேப்டாப்பின் அளவை மேலே கொண்டுவந்தாள். ஆனால் எவ்வளவு? அவர் குரல் போகிற அதிகபட்ச உயரம் தெரிந்தால்தான் அது உடைகிற அளவுக்கு ஒரு விரல்கடை கீழேயே நிற்கும்படி வைக்கலாம். மெல்லப் பேசவைத்து அளவு வைத்ததில்தான் முதல் தடவை கெட்டது. அண்ணன் விஷயத்தைப் புரிந்துகொண்டு, மைதானத்தில் செய்வதைப் போலவே நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்தார்.

"வாயத் திறந்தீங்கன்னா பாருங்க!" அண்ணி பாய்ந்து வந்து அவர் தோளை அழுத்தினாள். "இருக்கறதே கொஞ்சம். அதையும் கத்தியே தீத்துடாதீங்க."

கீழ்வீட்டில் யாரோ மோட்டாரைப் போட்டார்கள். சுவர் வழியாக உறுமல் ஏறி வந்தது. அது நிற்கிற வரைக்கும் ஒன்றும் செய்ய முடியாது. மூவரும் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்துகொண்டிருந்தது.

மோட்டார் நின்றது. தங்கை எழுந்தாள். "நீ தள்ளுண்ணே" என்றாள். அவருடைய நாற்காலியில் தான் உட்கார்ந்து, மைக்குக்கு அவர் வாய் இருந்த தூரத்திலேயே வாயை வைத்து, "பந்த விடுடா!" என்றாள்.

அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். விரலை மேலே காட்டினார். பத்தாது.

"பந்த விடுடா டேய்!"

இன்னும் மேலே என்று காட்டினார்.

கண்ணை மூடிக்கொண்டாள். பள்ளிக்கூட நாட்களில் அந்த மைதானத்தில் அவர் கத்தும்போதெல்லாம், யாரோ எவரோ போலப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டவள், அதே குரலைத் தன் வயிற்றிலிருந்து தேடி எடுத்து, "டேய்ய்! பந்த விடுடாங்கறேன்ல! காதுல என்ன பஞ்சா?" என்று ஒரு போடு போட்டாள். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திய பெண் திரும்பிப் பார்த்தாள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

அண்ணன் கட்டைவிரலை உயர்த்தினார்.

கேட்டுப் பார்த்தாள். சிகரங்கள் கூராக, முழுசாக இருந்தன. மேலே கொஞ்சம் இடமும் மிச்சம்.

மறுபடி தொடங்கினார்கள். பட்டை முதலிலிருந்து நிறைய வேண்டியிருந்தது. இப்போது அவள் ஒவ்வொரு வாக்கியத்தையும் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனாள். அண்ணன் நடிக்கவில்லை. சிக்கனமாக, ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைப்பது போலப் பேசினார். குரல் இறங்க ஆரம்பித்தது. திருகைத் திறக்கக் கை துறுதுறுத்தது. தொடவில்லை. மைக் தண்டை மட்டும் அவர் வாய்க்குக் கிட்டே நகர்த்தினாள். இன்னும் இறங்கியது. இன்னும் நகர்த்தினாள். மைக் ஏறக்குறைய உதட்டைத் தொட்டுவிட்டது. ஒரு வாக்கியத்தின் நடுவில் குரல் அறுந்து, உதடு மட்டும் அசைந்தது.

வெந்நீர் கொடுத்தார்கள். இளைப்பாறினார். திரும்ப வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பட்டைக்கும் கோட்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி அப்படியே நின்றது.

அண்ணியின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி. "கிளம்பிட்டோம், வந்துட்டே இருக்கோம்" என்று அண்ணி பொய் சொன்னாள். கீழே வண்டி வந்து ஹாரன் அடித்தது.

"அண்ணி, நீங்க போங்க. நான் பின்னாடி வரேன். முதல்ல எடுத்ததுல நல்லது ஏதாவது இருக்கும். அப்போ அண்ணன் மெதுவாத்தான் படிச்சாரு. பொறுக்கிப் பாக்கறேன்."

ஹெட்ஃபோனை இறுக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். உண்மைதான். சூடு பிடிப்பதற்கு முன் அவர் படித்தவற்றில் ஒன்று உடைந்திருந்தால் அடுத்தது உடையாமல் இருந்தது. ஒவ்வொன்றின் சிகரத்தையும் பெரிதாக்கிப் பார்த்து, கேட்டு, சத்தத்தின் அளவைப் புதியவற்றோடு ஒப்பிட்டுச் சேர்த்தாள். பட்டை நகர்ந்தது. காதுக்குள் அண்ணன் 'நாளைக்கு மழை வரலாம்' என்றார். 'கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?' என்றார். பட்டை கோட்டைத் தாண்டியபோது, "அண்ணே!" என்று கத்திக்கொண்டே திரும்பினாள்.

அறை காலி. வெளியறையிலும் யாருமில்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது, இனிப் பேசவே கூடாது என்று நர்ஸ் உத்தரவு போட்டிருந்தாள். அண்ணி அவளைத் தனியே நடைபாதைக்குக் கூட்டிப்போனாள். "கெளம்பறப்ப கதவுல நின்னு உன்கிட்ட என்னமோ சொன்னாருடி. எப்படியோ கொஞ்சம் குரல் வந்துச்சு. நீ காதை அடைச்சுட்டு உக்காந்திருந்த."

"என்ன சொன்னார்?"

"நான் படியில இருந்தேன். சரியாக் கேக்கல."

மறுநாள் காலை ஆபரேஷன் நடந்தது. கட்டி முழுசாக வந்துவிட்டது என்றார் டாக்டர். அண்ணன் இப்போது கழுத்துத் துளை வழியாக மூச்சு விட்டார். பேச்சோடு விசிலும் போயிற்று. வாயில் காற்றே வராதவர் எதை ஊதுவது? அதை முன்கூட்டி யாருமே யோசித்திருக்கவில்லை. சட்டைப் பையில் கிடந்த விசிலை எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

தையல் ஆறி வீடு திரும்பிய பிறகு குரல் வந்து சேர்ந்தது. தங்கைதான் கையகலத் திரையில் அதை ஏற்றிக் கொடுத்தாள். அண்ணன் தட்டினார். அவர் குரல்தான், ஆனால் இஸ்திரி போட்டது போல் ஒரு குரல், நிறுத்தி நிதானமாகச் சொன்னது: "யார் இவன்? பேங்க் மேனேஜர் மாதிரி பேசுறான்."

அண்ணி சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. வீட்டில் அந்தக் குரல் வேண்டாம் என்று பிற்பாடு கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவர்கள் இருவருக்கும் கையும் கண்ணும் போதும், சண்டைக்குக் கூட.

ஒரு நாள் தங்கை கேட்டாள். "அன்னைக்குக் கதவுல நின்னு என்ன சொன்னண்ணே?"

அண்ணன் தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார். "கதவைச் சாத்திக்கோ என்று சொன்னேன்" என்றது குரல். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரையைத் துடைக்கத் தொடங்கினார்.

தூசி ஆகாது என்று பள்ளிக்கூடத்தில் அவரை மைதானத்துக்கு அனுப்ப மறுத்து, விளையாட்டுச் சாமான் அறையில் உட்காரச் சொன்னார்கள். அவர் தலைமையாசிரியை மேஜை முன்னால் நின்று, கோபத்தோடு நீளமாகத் தட்டினார். அத்தனை கோபத்தையும் அந்தக் குரல் அமைதியாக, மரியாதையாக, ஒரு சொல் விடாமல் வாசித்தது. அம்மையார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இத்தனை வருஷத்துல நீங்க என்கிட்ட இவ்வளவு பொறுமையாப் பேசினதே இல்ல சார்" என்றார்.

கழுத்துக்கு ஒரு மெல்லிய துணி, தோளில் தொங்கும் சின்ன ஒலிபெருக்கி, இரண்டோடும் அவரை மைதானத்துக்கு அனுப்பிவைத்தார்கள். முதல் நாள் ஒலிபெருக்கி கீச்சென்று அலறியது. சத்தத்தின் அளவை வைத்துக் கொடுக்கத் தங்கை போயிருந்தாள். வெயிலில் முட்டி போட்டு உட்கார்ந்து, திருகை மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். கீச்சு அடங்கி, 'பந்தை விடுடா' என்று அந்த மேனேஜர் குரல் மைதானத்தில் நிதானமாகக் கேட்டதும், அண்ணன் கட்டைவிரலை உயர்த்தினார்.