முத்துவின் வாசல்

கருத்தரங்கில் குத்துவிளக்கு ஏற்றத் தீக்குச்சியை உரசினார்கள். அந்தக் கந்தக வாடையில், மேடையில் இருந்த நான் ஏழாயிரம்பண்ணைக்குப் போய்விட்டேன்.

அப்போது எட்டாம் வகுப்பு. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த அம்மாவின் சேலையில் தினமும் அந்த வாடைதான். ஒருநாள் காய்ச்சலால் அம்மா கம்பெனி வேனில் ஏறவில்லை. அன்று அவள் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்த பக்கத்து வீட்டு அத்தை வெடிவிபத்தில் இறந்துபோனாள்.

"மாரியாத்தாதான் என்னயக் காப்பாத்துனா" என்று அம்மா கோயிலில் பொங்கல் வைத்தாள். நேர்த்திப் பொங்கலை அக்கம்பக்கம் கொடுப்பது வழக்கம். அத்தை வீட்டுக்கும் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பினாள். நானும் யோசிக்காமல் கொண்டுபோனேன்.

அத்தை மகள் முத்து என் வகுப்புதான். "எதுக்குப் பிள்ள பொங்கல்?" என்றாள்.

"எங்கம்மாவ சாமி காப்பாத்துச்சுல்ல, அதுக்கு."

"அப்ப எங்கம்மாவ ஏன் காப்பாத்தல?"

கோபமாகக் கேட்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தாள். அவள் தம்பி பசியில் அழுதான். பொங்கலை வாங்கிக்கொண்டு, சட்டியைக் கழுவித் தந்தாள்.

சமயத் தத்துவத்தில் என் ஆய்வெல்லாம் அங்கே தொடங்கியதுதான். கடவுளின் கருணைக்கு யார் என்ன விளக்கம் சொன்னாலும் அந்த வாசலில் நிறுத்திப் பார்ப்பேன். "இத முத்துகிட்ட சொல்ல முடியுமா?" என்று இப்போது என் மாணவர்களே ஒருவரையொருவர் மடக்குகிறார்கள்.

எனக்கு முன் பேசியவர், துன்பமெல்லாம் இறைவனின் திட்டமே என்று முடித்தார். அரங்கம் கைதட்டியது. தட்டி ஓயும்வரை காத்திருந்து மைக்கைப் பிடித்தேன்.

"ஐயா, உங்க கையில ஒரு தூக்குச்சட்டி இருக்குன்னு வச்சுக்குங்க."