அம்மாவின் பெயரில் நாகம்

கும்மிடிப்பூண்டியில் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால், அம்மா ஞானஸ்நானமே வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் புடவைகூட எடுத்தாயிற்று.

"இன்னாம்மா ஆச்சு?"

"பேர மாத்தணுமாம். என் பேர்ல பாம்பு கீதாம். எங்கம்மா புத்துல வேண்டிக்கினு வச்ச பேருடா. வேற எவளோ ஒருத்தியா நான் தண்ணில எறங்கணுமா?"

அம்மாவின் பெயர் நாகத்தில் தொடங்கும். ஞானஸ்நானத்தில் புதுப்பெயர் வைப்பது எங்கள் சபை வழக்கம்; கட்டாயம் இல்லை. ஆனால் ஏதேன் தோட்டத்தில் ஏவாளை ஏமாற்றியது சர்ப்பம், அதனால் இந்தப் பெயர் ஆகவே ஆகாது என்று சபை மூப்பர் பிடிவாதமாக நின்றுவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் படிப்பு அம்மாவின் பெயரைக்கூடக் காப்பாற்றாது என்றால் அது எதற்கு? அந்த வாரம் முழுக்க ரயிலில் தொங்கியபடி போனில் வேதத்தின் மூலமொழியான எபிரெயத்தின் அகராதியைப் படித்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டரையும் மூப்பரையும் பிடித்துக்கொண்டேன்.

"எபிரெயத்துல பாம்புக்கு நாகாஷ். நாகம்தான் அது, தெரியுமா?" என்றார் மூப்பர்.

"கேக்கத்தான் ஒண்ணா கீது ஐயா. ரெண்டும் வேற வேற பாஷைக் குடும்பம். வடமொழில நாகம்னா யானையும்தான்."

"அப்ப நான் யானையாடா?" என்றாள் பின்னால் நின்ற அம்மா. மூப்பருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் வேதத்தை விரித்தேன். வனாந்தரத்தில் ஜனங்களைக் கடித்த கொள்ளிவாய்ச் சர்ப்பத்துக்கு மூலத்தில் சாராஃப் என்று பெயர். எரிப்பது என்று பொருள். கர்த்தர் சொன்னபடி அதன் உருவத்தை வெண்கலத்தில் செய்து உயர்த்தினார்கள். கடிபட்டவர்கள் அதைப் பார்த்துத்தான் பிழைத்தார்கள். சிங்காசனத்தருகே நின்று கர்த்தரைத் துதிக்கிற சேராபீன்கள் என்னும் தூதர்களுக்கும் மூலத்தில் அதே சொல்.

"அவங்களுக்கே பாம்போட பேரு கீது. எங்கம்மாவுக்கு இருக்கக் கூடாதா ஐயா?"

பாஸ்டர் இரண்டு இடங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அவங்க பேரே இருக்கட்டும்" என்றார்.

அடுத்த ஞாயிறு அம்மா தொட்டிக்குள் இறங்கினாள். பாஸ்டர் அவள் முழுப்பெயரையும் மைக்கில் சொன்னார்.

"இன்னாங்க பாஸ்டர்?" என்று, தன்னைக் கூப்பிட்டதாக நினைத்து அவள் குரல் கொடுத்தாள்.

சபையே சிரித்தது. தேர்வாய் கண்டிகை கேண்டீனில் அவளோடு வேலை செய்கிற பெண்கள் விசிலடித்தார்கள். முழுகி எழுந்தவளுக்குத் துண்டை நீட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "ஏறி வாம்மா" என்றார் மூப்பர்.