அடி இல்லாத பனியில் ஏறிய வண்டி

எங்கள் மைஸ்டர், அதாவது பட்டறை முதலாளி, காலையில் முதல் வணக்கம் சொல்வது பனிக்குத்தான். வாசலில் ஒரு பிடி அள்ளிப் பிசைவார். உருண்டையானால் ஒரு முகம், மாவாய் உதிர்ந்தால் வேறு முகம். ஜெர்மனிக்கு வந்து எசன் நகரில் இருந்த காலத்தில் எனக்கு எல்லாப் பனியும் ஒன்றுதான், வழித்துக் கொட்ட வேண்டிய சனியன். அல்கொய் மலையடிக்கு வந்த பின்தான் அதிலும் வகைகள் உண்டென்று தெரிந்தது.

போன குளிர்காலத் தொடக்கத்தில் மலைவிடுதி நடத்தும் அனெலீஸ் பனியில் ஓடும் தன் ஸ்னோமொபில் வண்டியைக் கொண்டுவந்தார். மாவுப்பனி விழுந்தால் வண்டி பாதிவழியில் புதைகிறது, சாமான் ஏற்ற முடியாவிட்டால் விடுதியை மூடத்தான் வேண்டும் என்றார். "நான் செய்கிறேன்" என்று டொச் மொழியில் முந்திக்கொண்டேன்.

எனக்கா தெரியாது? மன்னாரில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கு இரும்புச் சில்லுப் பூட்டிச் சேற்று வயலில் இறங்கியவன் நான். வண்டியின் அடியில் சுழலும் ரப்பர்ப் பட்டிக்கும் அதே வைத்தியம்தான் என்று, உயரமான, விறைப்பான பற்களுள்ள பட்டியாகத் தேடிப் பூட்டினேன். "இது கிண்டிப்போய் எதைப் பிடிக்கும்?" என்றார் மைஸ்டர். "கீழே இருக்கும் கெட்டி நிலத்தை" என்றேன். "சரி, ஓட்டிப் பார்" என்றார். மெச்சுகிறார் என்று நினைத்தேன்.

சரிவில் ஏறி முறுக்கினேன். பற்கள் அழகாகக் கிண்டின. வண்டி தன் குழியைத் தானே தோண்டி இருக்கைவரை இறங்கியது. சேற்றுக்குக் கீழே நிலம் உண்டு, இந்தப் பனிக்குக் கீழே மேலும் பனிதான். மண்வெட்டியோடு வந்த மைஸ்டர் சிரிக்கவில்லை. அதனால்தான் எனக்கு வெட்கம் கூடிப்போனது.

பிறகு நடந்ததைப் பெருமையாகவே சொல்வேன். அடியைத் தேடக்கூடாது, மேலே மிதக்க வேண்டும். சட்டத்தைப் பின்புறம் நீட்டி, நீளமான பட்டி போட்டேன். பற்களை இடைவெளி கூடியதாக, வளைந்துகொடுப்பதாகத் தேர்ந்தேன். அடுத்த மாவுப்பனியில் அனெலீஸைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, சாமான்களையும் இழுத்தபடி விடுதி வாசல்வரை நிற்காமல் ஏறினேன். அவர் இறங்கி என்னைக் கட்டிப்பிடித்தார். தொலைபேசியில் மைஸ்டர், "திட்டுவதற்கு ஒன்றுமில்லை" என்றார். இந்தப் பக்கத்தில் அதைவிடப் பெரிய பாராட்டுக் கிடையாது.

திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சரிவில் என் தடம் உழுத சால்போலக் கிடந்தது. படமெடுத்து, எங்கள் வயலை இப்போது உழும் தம்பிக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "நல்ல உழவு அண்ணை. என்ன விதைக்கப் போறியள்?"

சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "விதைக்கிறது உன்ர வேலை. நான் ஏறிட்டன்" என்று எழுதி முடிப்பதற்குள் புதுப்பனி தடத்தை மூடத் தொடங்கியிருந்தது. இறங்கும்போது இன்னொரு சால் போடலாம் என்று வண்டியைத் திருப்பினேன்.